ரத்தத்தில் ஈயம்: நம்பரைக் கேட்டு வாங்குங்கள்

பேட்டரி கம்பெனியில் பிளேட்டுக்கு ஈயப் பேஸ்ட் பூசும் இடத்தில் வேலை எனக்கு. வருடா வருடம் ரத்தம் எடுப்பார்கள், 'நார்மல்' என்று பேப்பர் வரும். ஆனால் மூட்டு வலியும் மலச்சிக்கலும் வயிற்றை முறுக்கும் வலியும் விடவே இல்லை. அந்தப் பேப்பரை வெளியில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். சர்க்கரை, ஹீமோகுளோபின் எல்லாம் இருந்தன, ஈயம் மட்டும் இல்லை.

"ஈயத்துக்குன்னு தனியா எழுதினாத்தான் பார்ப்பாங்க தம்பி" என்று சீட்டு எழுதித் தந்தார். விரலில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசி கலந்து அளவு கூடிவிடுமாம், அதனால் கை நரம்பில்தான் எடுக்க வேண்டும் என்றார். லீவு நாளில் குளித்து, கம்பெனிப் பக்கமே போகாத சட்டையோடு போனேன். லேபில் இருந்த பெண் முழங்கை மடிப்பை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, அப்புறம் ஸ்பிரிட்டால் துடைத்து, ஊதா மூடி டியூபில் எடுத்தார். வெறும் வயிறு தேவையில்லை. சாம்பிளை வெளியூருக்கு அனுப்பியதால் ரிப்போர்ட் வரக் கொஞ்சம் தாமதம்.

டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லி ரத்தத்துக்கு, 46 மைக்ரோகிராம் ஈயம். 5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். சூப்பர்வைசரோ அமெரிக்காவில் 60 தொட்டால்தான் ஆளை மாற்றுவார்கள் என்றார். அந்த விதி 1978-இல் போட்டது. அதைக் காட்டி ஒருவரை ஈயத் தூசியிலேயே நிறுத்தி வைப்பது அநியாயம். என்னை அந்த இடத்திலிருந்து மாற்றச் சொல்லி டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அப்போது நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அதாவது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில், முதல் நோயே ஈய நஞ்சுதான் என்பதையும் அதில் சேர்த்திருந்தார். கடிதம் போன பிறகுதான் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

ஈயத்தை வெளியேற்றும் மருந்து இப்போதைக்கு வேண்டாம், முதலில் தூசியிலிருந்து விலகு என்றார் டாக்டர். டியூட்டி உடுப்பு இப்போது கம்பெனியை விட்டு வெளியே வருவதில்லை, அங்கேயே குளித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். உடுப்புத் தூசி வீட்டுக்கும் வரும் என்பதால் மகளுக்கும் பார்த்தோம். 5-க்குக் கீழேதான், அன்றைக்குத்தான் எனக்கு மூச்சே வந்தது.

ரத்தத்தில் இருப்பது சுமார் ஒரு மாதத்தில் பாதியாகும், ஆனால் எலும்பில் படிந்தது வருடக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் என் அளவு மெதுவாகத்தான் இறங்குகிறது, கடைசியாகப் பார்த்தபோது 31. பேஸ்ட் பகுதியில் இருக்கிற மற்றவர்களுக்கும் இதே பரிசோதனையைச் செய்து, ரிப்போர்ட்டை அவரவர் கையில் தர வேண்டும் என்று எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.