வாடகைக்கு இருப்பவரும் அதே குழுவில்தான் இருக்கிறார்

அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி பார்க்கிறேன்: "நாங்கள் பேசி முடிவு செய்துவிட்டோம், டெனன்ட்ஸ் ஒத்துழைக்கவும்."

அந்த டெனன்ட்டும் அதைப் படித்துக்கொண்டுதானே இருக்கிறார்? தண்ணீர் லாரிக்கு அவரும் பணம் கொடுக்கிறார். 2022-இல் வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி சங்கம் உரிமையாளர்களுடையது. சரி, ஓட்டு அவர்களுக்கே இருக்கட்டும். மோட்டார் ஓடாவிட்டால் எல்லார் வீட்டுக் குழாயும்தான் காய்கிறது.

கேட்பவரையும் சேர்த்துக்கொள்ள 'நாம்', விட்டுவிட்டுச் சொல்ல 'நாங்கள்' என்று தமிழில் தனித்தனியாகவே இருக்கிறது. அதனால் 'நாங்கள்' என்று வந்ததுமே விடுபட்டவருக்கு அது சுருக்கென்று தைக்கும். அப்புறம் அவர் குழுவில் வாயே திறப்பதில்லை, லிஃப்ட் நின்றுபோனால்கூட.

அட்மின்களே, அடுத்த தண்ணீர் அறிவிப்பை 'நம் குடியிருப்பில்' என்று தொடங்குங்கள். எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை.