எதைப் பற்றி?

மார்ச் 4
சாவியை அரை மணி நேரம் தேடினேன், கடைசியில் சட்டைப் பையிலேயே இருந்தது. தேடும்போது மனம் முழுக்க அந்தச் சாவிதான், ஆனால் நடுவில் இரண்டு முறையாவது கை அதன் மேல் பட்டிருக்கும், பையில் ஏதோ கனக்கிறது என்பதோடு சரி. தேடலுக்கு அது சாவி, கைக்கு வெறும் கனம். ஜெர்மன் தத்துவவாதி ஃப்ரேகே 1892-இல் விடிவெள்ளியையும் அந்தி வெள்ளியையும் வைத்துச் சொன்னது நினைவுக்கு வந்தது: கிரகம் ஒன்றுதான், அது நமக்குப் பிடிபடும் விதம் இரண்டு.

மார்ச் 5
மன நிகழ்வுகளின் அடையாளம் என்று தத்துவவாதி பிரென்டானோ 1874-இல் சொன்னது, அவை எப்போதும் எதையாவது பற்றியவை என்பதை. கல் எதைப் பற்றியதும் இல்லை, அது சும்மா கிடக்கிறது. நம் வேற்றுமை உருபுகளே இதைக் காட்டிக்கொடுக்கின்றன என்று தோன்றுகிறது: எதையோ நினைக்கிறோம், எதற்கோ ஏங்குகிறோம், யார் மேலோ கோபப்படுகிறோம், அந்த இடத்தைக் காலியாக விட்டால் "எதை?" என்று கேள்வி வந்துவிடும். எதையாவது பற்றியிருக்கும் இந்தத் தன்மைக்கு 'நோக்கம்' என்று பெயர் வைத்தால் வம்பு, உடனே திட்டம், குறிக்கோள் என்று புரிந்துகொள்வார்கள். 'நோக்கு' என்றால் பார் என்ற பழைய பொருள்தான் இங்கே வேண்டும்.

மார்ச் 6
வேலை. ஒன்றும் யோசிக்கவில்லை.

மார்ச் 8
பந்தை உதைக்கப் பந்து வேண்டும். பேய்க்குப் பயப்படப் பேய் வேண்டாம். அப்படியானால் அந்தப் பயம் எதன் மேல் போய் நிற்கிறது? மனதிலுள்ள பேயின் படத்தின் மேல் என்று சொல்லலாம், ஆனால் படத்தைப் பார்த்து யார் பயந்தார்கள், பயம் பேய்க்குத்தான். பிரென்டானோவின் மாணவர் ட்வார்டோவ்ஸ்கி 1894-இல் எண்ணத்தின் உள்ளடக்கம் வேறு, அது சுட்டும் பொருள் வேறு என்று பிரித்தார். அது எனக்கு உதவுகிறது. 1904-இல் பிரென்டானோவின் இன்னொரு மாணவர் மைனாங் இன்னும் ஒரு படி மேலே போய், தங்க மலை மாதிரி இல்லாதவையும் பொருள்கள்தான் என்றார். அது எனக்குக் கொஞ்சம் அதிகம்.

மார்ச் 11
விடிந்ததிலிருந்து மனசு சரியில்லை, எதற்கென்றே தெரியவில்லை. பிரென்டானோவுக்கு இது இடிக்கும். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் சேர்ல் 1983-இல், எதையும் சுட்டாத பதற்றமும் உண்டு, எல்லா மனநிலைகளுக்கும் சுட்டும் பொருள் ஒன்று இருந்தாக வேண்டியதில்லை என்று எழுதினார், காலையில் நானும் அவர் கட்சிதான். பத்து மணிவாக்கில் திடீரென்று, பதில் போடாமல் விட்ட ஒரு கடிதம் ஞாபகம் வந்தது, ஓ இதுதானா என்று இருந்தது. பதில் எழுதி அனுப்பிவிட்டேன். மனசு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.