ஈஸ்டர் முடியட்டும்

“ஈஸ்டர் முடியட்டும் அண்ணாச்சி, பார்த்துக்கலாம்.” நான் சொன்னது இவ்வளவுதான். கோபமாகவும் சொல்லவில்லை. எங்கள் சபையில் மணியடித்து, மைக் பார்க்கிற கோவில்பிள்ளையும் “சரிங்கய்யா” என்று மைக் ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே போய்விட்டார்.

அவர் கேட்டது லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் உபவாச காலத்தில், இரண்டு ஞாயிறு லீவு. உடம்புக்கு ஒன்றுமில்லை, வீட்டில் விசேஷமும் இல்லை. “மக ஊர்க் கோயில்ல கடைசி பெஞ்சுல உக்காந்து ஒரு ஆராதனைய முழுசாக் கேக்கணும்யா. இங்க இருந்தா மணி, மைக்கு, காணிக்கைப் பைன்னு கண்ணு அங்கதான் போவுது.”

லெந்தில் ஒரு ஆயரிடம் கேட்கிற கேள்வியா இது? சாம்பல் புதன், குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளியன்று 12 மணியிலிருந்து 3 வரை ஆராதனை, ஈஸ்டரன்று விடியுமுன் மணி. அவர் இல்லாமல் எது நடக்கும்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்புறம் அந்த 40 நாள் கணக்கு வந்து நிற்கும். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய நாள் வரை எண்ணினால் 46. நடுவே வரும் 6 ஞாயிறுகளைக் கழித்துத்தான் 40. உபவாசத்துக்கே ஞாயிறு லீவு. வாலிபர் கூட்டத்தில் இதை விளக்கியவனே நான்தான்.

அதே வாரம் பிரசங்கம் பைபிளில் உபாகமம் 5ஆம் அதிகாரம், ஓய்வுநாள் கட்டளை. யாத்திராகமத்தில் ஓய்வுநாளுக்குக் காரணம் படைப்பு. இங்கே எகிப்தில் பட்ட அடிமைத்தனம். உன் வேலைக்காரனும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்கிறது 14ஆம் வசனம். நன்றாக இருந்தது என்றார்கள். மைக்கும் ஒரு இரைச்சல் இல்லாமல் வேலை செய்தது.

நான் மட்டும் ஓய்ந்தா இருந்தேன்? திங்கள்கிழமை எனக்கு ஓய்வு என்று பேர். சாவு கிழமை பார்த்தா வருகிறது? மாற்கு சுவிசேஷம் 6ஆம் அதிகாரத்தில், சற்று இளைப்பாறலாம் வாருங்கள் என்று சீஷர்களைக் கூட்டிப்போன இயேசுவே, ஜனத்தைக் கண்டதும் மனதுருகி உபதேசிக்கத் தொடங்கிவிடுகிறார். இந்தச் சமாதானம் கொஞ்ச தூரம்தான் ஓடும். அன்று ஜனத்துக்கு அப்பம் பரிமாறியது யார்? ஓய்வெடுக்கக் கூப்பிடப்பட்ட அதே ஆட்கள். மிச்சம் 12 கூடை. அது முடிந்த கையோடு அவர்களைப் படகில் ஏற்றிவிட்டு, அவர் ஜெபிக்க மலைக்குப் போகிறார். இவர்கள் நாலாம் ஜாமம் வரை எதிர்காற்றில் தண்டு வலிக்கிறார்கள். இந்தப் பகுதியைப் பிரசங்கிக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

ஈஸ்டர் முடிந்ததும் மறந்துபோனேன். ஜூன் மாதம் நினைவு வந்து, “போய்ட்டு வாங்க அண்ணாச்சி” என்றேன். “அது அப்பம் தோணுச்சுய்யா, இப்பம் இல்ல.” முகத்தில் வருத்தம் இல்லை. இருந்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

போன ஞாயிறு ஒரு வாலிபனிடம் மணியை ஒப்படைத்து, அவரை உட்காரச் சொன்னேன். கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தார், ஆனால் மணிக்கயிறு இருக்கிற ஓரமாக. இரண்டாம் மணி ஒரு நிமிடம் பிந்தியது. பாதி எழுந்துவிட்டார். நானும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.