டியூபின் பின்பக்கத்தையும் பாருங்கள்

ஓவியம் வரைய காட்மியம் சிவப்பு பெயின்ட் வாங்கலாமா, விஷம்தானே என்று இன்பாக்ஸில் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். டியூபில் எண்ணெயோடு குழைந்திருக்கும் காட்மியம் நிறமி (நிறம் தரும் பொடி) தண்ணீரில் அநேகமாகக் கரையாது. கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

வம்பெல்லாம் தூளில்தான். பொடி நிறமியை வாங்கி நாமே எண்ணெயில் அரைப்பது, காய்ந்த ஓவியத்தை உப்புத்தாளால் தேய்ப்பது, ஸ்பிரே அடிப்பது எல்லாமே அதை நேராக நுரையீரலுக்கு அனுப்பும் வழிகள். துணி மாஸ்க் போதாது. என்95 மாதிரி நுண்துகளைத் தடுப்பது வேண்டும். சிந்தினால் துடைப்பத்தைத் தொடாதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

ஈய வெள்ளை வேறு ரகம். வயிற்றுக்குள் போனால் உடம்பிலேயே தங்கும். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் ஆசாமிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு டைட்டானியம் வெள்ளையே போதும் என்பது என் கட்சி.

அப்புறம், பெயரை நம்பாமல் டியூபின் பின்னால் இருக்கும் குறியீட்டைப் பாருங்கள். பி.ஆர். (PR, பிக்மென்ட் ரெட், அதாவது சிவப்பு நிறமி) 108 என்றால் அசல் காட்மியம் சிவப்பு. பெயரோடு 'ஹியூ' ஒட்டியிருந்தால் பெரும்பாலும் உள்ளே வேறு நிறமி. அதனாலேயே மட்டம் என்று அர்த்தமில்லை. அசல் அலிசரின் கிரிம்சன், அதாவது பி.ஆர். 83, வெளிச்சத்தில் வெளிறிவிடும் (இன்னும் ஏன்தான் விற்கிறார்களோ!). அதற்குப் பதிலாக வரும் குவினாக்ரிடோன் நிறமி, பி.வி. (PV, பிக்மென்ட் வயலட்) 19, பல மடங்கு தாக்குப்பிடிக்கும்.

காட்மியம், கோபால்ட் (இதுவும் உலோக நிறமிதான்) பட்ட தூரிகையைக் கழுவிய தண்ணீரை சிங்கில் கொட்டாதீர்கள். அப்படியே விட்டு அடியில் தங்கும் வண்டலைத் தனியாக எடுத்து வையுங்கள்.