மேல் போர்ஷனுக்கு வாடகை கிடையாது

"மேல் போர்ஷன் லீஸ், மேடம். வாடகை வராது" என்று புரோக்கர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வில்லிவாக்கத்தில் பழைய இரண்டு போர்ஷன் வீடு. வாடகையே தராத குடும்பத்தையும் சேர்த்து விலை சொல்கிறார்களே!

மலேசியாவில், எங்கள் ஈப்போவில் இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், அவ்வளவுதான், சாவி கைக்கு வந்துவிடும். இங்கே மாடிக்காரர் ஒன்பது லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியிருக்கிறார். காலி செய்யும்போது அதை அப்படியே வாங்கிக்கொண்டு போவார். உங்களுக்குத் தெரிந்த கதைதான். பணத்தை வாங்கியவர் வீட்டை விற்றுவிட்டால் திருப்பித் தர வேண்டியது யார்? வக்கீல் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நீங்கதாம்மா."

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 109ஆம் பிரிவாம். விற்றவரின் உரிமையோடு பொறுப்பும் வாங்குபவர் தலையில். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸைப் பதிவு செய்ய வேண்டும் என்றாலும் பலர் செய்வதில்லை. அதனால் வில்லங்கச் சான்றிதழில் அது வராது. நேரில் போய்க் கேட்டால்தான் உண்டு. போனோம். யார், எவ்வளவு கொடுத்தார், எதுவரை என்று இரண்டு வீட்டாரிடமும் எழுதி வாங்கினோம். கீழ்வீட்டு அம்மா கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். "ஆறு மாச அட்வான்ஸ், சரி. பெயின்ட் அடிக்கன்னு ஒரு மாசத்தைப் பிடிப்பேன்னு மட்டும் எழுதிடாதேம்மா. அப்புறம், அந்த முருங்கையை வெட்டாதே." வீடு வாங்குவது நானா அவரா என்று எனக்கே சந்தேகம்.

ஆனாலும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்துப்போனது. சுங்கை சிப்புட் பக்கம் தாத்தா ரப்பர் வெட்டிய தோட்டம் கைமாறியபோது, லயத்து வீடுகளில் இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து இருந்த வீட்டிலிருந்து அம்மா கோழிக்கூண்டோடு லாரி ஏறினார். இங்கே வீடுதான் கைமாறுகிறது, குடியிருப்பவர் அசைவதில்லை. ஓ.சி.ஐ. அட்டைக்காரர்கள், அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள எங்களைப் போன்ற இந்திய வம்சாவளிக்காரர்கள், இந்தியாவில் வீடு வாங்கலாம், விவசாய நிலமும் தோட்டமும்தான் கூடாது. தோட்டம் எங்களுக்கு வேண்டவே வேண்டாம் சாமி, தலைமுறை தலைமுறையாகப் பார்த்தாயிற்று.

சென்னை பழகிவிட்டது. மோட்டார் போடும் நேரத்துக்குச் சண்டைகூடப் போடுகிறேன். ஆனால் சாயங்காலம் வானம் கறுத்தால் போதும், ஈப்போ மழை என்று கொடித் துணியை எடுக்க ஓடுவேன். இங்கே அது சும்மா மிரட்டிவிட்டுப் போய்விடும். அம்மாவும் இப்படித்தான் ஓடுவார், அடுப்பில் மீன் குழம்பைப் போட்டுவிட்டு.

ஒன்பது லட்சத்தை விலையில் கழித்துக்கொண்டுதான் பத்திரம் பதிந்தோம். மாடிக்காரர் கிளம்பும்போது புதிதாக வருபவரிடம் வாங்கி இவருக்குக் கொடுத்துவிடலாம், ஊரே அப்படித்தான் செய்கிறது என்கிறார் என் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தப் பணத்தை எஃப்.டி.யில் போட்டுவிட்டேன், என் பெயரில்.