எஸ் வளைவில் கேட்ட மூளல்

செங்கோட்டையில் நான் தொழில் பழகிய ஒர்க்‌ஷாப்புக்கு வந்த வண்டிகளில் பாதி மலைக்கு அந்தப் பக்கத்தவை. ஆரியங்காவு, தென்மலை, சில நேரம் புனலூரிலிருந்தும் வருவார்கள். அம்பாசடர் என்றால் ஒர்க்‌ஷாப் முதலாளி அண்ணாச்சியிடம் காட்டினால்தான் அவர்களுக்குத் திருப்தி.

ஒரு சாரல் காலத்தில் தென்மலைச் சேட்டன் ஒருவர் தன் 1984 மாடல் மார்க் 4 அம்பாசடரைக் கொண்டுவந்தார். "மோனே, ஒரு மூளல் உண்டு" என்றார். மூளல் என்பதைவிடப் பொருத்தமான வார்த்தை நம்மிடம் இருக்கிறதா தெரியவில்லை. அடைத்த வாய்க்குள்ளேயே ஒருவர் முனகுவது போல இருந்தது. நாற்பதில் தொடங்கி, அறுபதில் தரைப்பலகை வழியாகக் காலுக்கே வந்தது.

அண்ணாச்சி ஊரில் இல்லை. நானே ஓட்டிப் பார்த்தேன். புளியரை தாண்டிச் சமதளத்தில் நியூட்ரலில் விட்டேன். இன்ஜின் அடங்கியும் மூளல் அடங்கவில்லை. ஆக, இன்ஜின் இல்லை. மறுபடி கியரில் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தாலும் விட்டாலும் குரல் மாறாததால், பின் அச்சிலிருக்கும் பல்சக்கரங்களான கிரவுன் பினியனும் இல்லை. (இந்தச் சோதனையை மலை இறக்கத்தில் செய்யக் கூடாது. செய்தவர்களின் வண்டிகளை நாங்கள் கயிறு கட்டி ஏற்றியிருக்கிறோம்.) அப்புறம் எஸ் வளைவில் ஏறினேன். இடப்பக்கம் ஒடித்தபோது மூளல் கூடியது, வலப்பக்கம் ஒடித்தபோது குறைந்தது. சரி, இடது முன்சக்கர பேரிங் என்று முடிவுகட்டினேன். ஜாக்கி போட்டு மேலும் கீழும் பிடித்து அசைத்ததில் இடது சக்கரத்தில் ஆட்டமும் இருந்தது. வேறென்ன வேண்டும்? புது பேரிங் மாட்டினேன். சேட்டன் கோட்டைவாசல் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மூளல் அப்படியே இருந்தது.

மறுநாள் அண்ணாச்சி கேட்டது ஒரே கேள்வி. "ஏலே, பஸ் இடப்பக்கம் ஒடிச்சா நீ எந்தப் பக்கம்லே சாய்வ?"

வலப்பக்கம்தான். வண்டியின் பாரமும் அப்படித்தான் சாயும். இடப்பக்கம் திரும்பும்போது கூடுகிற மூளல், பாரம் ஏறிய வலது சக்கரத்தின் மூளல். காது வளைவின் பக்கத்தைச் சொல்லியது. நான் அதைச் சக்கரத்தின் பக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்படியானால் இடது சக்கரத்தின் ஆட்டம்? மறுபடி ஜாக்கி போட்டார். என்னை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுச் சக்கரத்தை அசைத்தார். பிரேக் பிடித்தால் சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மும் சுற்றாத பின்தட்டும் ஒன்றாகிவிடும். பேரிங் ஆட்டமாக இருந்தால் அதோடு நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. அது சக்கரத்தைத் திருப்புகிற மூட்டில், கிங்பின், டிரன்னியன் பக்கத் தேய்மானம். அது தனி வேலை, மூளலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வலது சக்கரத்திலோ துளி ஆட்டம் இல்லை. ஆனால் நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குப் பின்னால் ஊன்றி, மரப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னார். எனக்கும் கொடுத்தார். அம்மியில் கல் உப்பு நுணுங்குகிற சத்தம்.

ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைக் கழற்றி, டிரம்மை இழுத்தோம். கிரீஸ் மோர் நிறத்தில் வழிந்தது. மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் இறங்கி ஏறியிருக்கிறது. தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்க வேண்டிய ஆயில் சீலின் உதடு காய்ந்து விறைத்திருந்தது. பேரிங்கைப் பெட்ரோலில் அலசி வெளிச்சத்தில் பிடித்தால், உள்வளையத்தில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு அம்மைத் தழும்பு. அந்தத் தழும்பின் மேல்தான் ஒவ்வொரு சுற்றும் ஏறி இறங்கியிருக்கிறது.

புது பேரிங்குக்கு என்னைத்தான் கிரீஸ் அடைக்கச் சொன்னார். உள்ளங்கையில் கிரீஸ் உருண்டையை வைத்து, பேரிங்கின் விளிம்பால் அதை வழித்து வழித்து அழுத்த வேண்டும். மறுபக்கம் புழுப்புழுவாக எட்டிப் பார்க்கிற வரை. மேலே பூசிவிட்டு மாட்டினால் ஆறு மாதம்கூடத் தாங்காது. இப்போது அதில் இன்னும் கவனம் வேண்டியிருக்கிறது. 2014-ல் அம்பாசடர் உற்பத்தி நின்ற பிறகு கடையில் கிடைக்கிற சீலெல்லாம் ஒரே தரமாக இருப்பதில்லை.

இடது பேரிங்கின் காசைச் சேட்டனிடம் வாங்கவில்லை, என் சம்பளத்தில் பிடித்தார். நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சேட்டன் போன் செய்தார். மூளல் சுத்தமாகப் போய்விட்டதாம்.

"பட்சே மோனே, டாஷ்போர்டுக்குள்ளே இப்போ ஒரு கிறுகிறுப்பு கேக்குது. இது முன்னாடியே உண்டோ?"