மிஸ்ஸிங் அடிக்கும் எம்.ஜி.பி: எட்டாவது மாதம்

கொட்டகையில் நிற்பது 1966-ஆம் ஆண்டு எம்.ஜி.பி ஸ்போர்ட்ஸ் கார், மேற்கூரை மடிக்கிற வகை. 1962 முதல் 1980 வரை பிரிட்டனின் ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய மாடல் என்பதால் அபூர்வ வண்டி என்று பீற்றிக்கொள்ள முடியாது. ஆனால் வீட்டில் வைத்து வேலை பழக இதைவிடத் தோதான வண்டி எனக்குத் தெரிந்து இல்லை. பானெட்டைத் திறந்தால் கை தாராளமாக உள்ளே போகும். 1798 சி.சி. எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர், பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிட ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், ஒரு டைனமோ. கம்ப்யூட்டரும் இல்லை, சென்சாரும் இல்லை. ஏதாவது கெட்டால் ஓர் இரும்புத் துண்டோ ஒரு கம்பியோதான் காரணமாக இருக்கும். இதை நன்றாகத் தெரிந்துகொண்டும் ஆறு வாரம் தப்பான இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கதையைத்தான் எழுத வந்தேன்.

வண்டியைப் புதுப்பிக்கும் வேலையின் முதல் ஐந்து மாதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது முழுக்கத் துருவோடு நடந்த சண்டை. இந்த வண்டிக்கு அடியில் தனியாக இரும்புச் சட்டகம் கிடையாது, பாடியேதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. கூரை இல்லாததால் கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிதான் முதுகெலும்பு மாதிரி. அதை வெட்டுவதற்கு முன்னால் கதவு இருக்கும் இடத்தில் குறுக்குக் கம்பிகளை வெல்டிங் வைத்து இறுக்கிவிட வேண்டும், கதவு இடைவெளியை மேலும் கீழும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நடுவில் லேசாகத் தொய்ந்துவிடும், அப்புறம் அந்தக் கதவு ஜென்மத்துக்கும் ஒழுங்காகச் சாத்தாது. இடது பக்கம் அளந்து செய்தேன். வலது பக்கம் வந்தபோது ‘அதான் தெரியுமே’ என்று கண் மதிப்பில் செய்தேன். இன்றைக்கும் வலது கதவைச் சாத்தும்போது லேசாகத் தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கிறது.

இன்னொன்று: நட்டு போல்ட்டெல்லாம் அங்குல அளவு. அரை அங்குல நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் உட்காரும். உட்காருகிறதே என்று இறுக்கினால் முனை மழுங்கிவிடும். மூன்று நட்டுகளைப் பலி கொடுத்த பிறகு அங்குல ஸ்பேனர் செட் ஒன்று வாங்கினேன்.

ஆறாவது மாதம் எஞ்சின் பக்கம் வந்தேன். பல வருஷம் ஓடாமல் கிடந்த எஞ்சின் என்பதால் நேராக ஸ்டார்ட் செய்யவில்லை. பிளக் நான்கையும் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிட்டேன். பழைய பெட்ரோலை வடித்தேன், ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றினேன். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது, உள்ளேயிருந்து உதிர ஆரம்பித்துவிடும். பிறகு டேப்பட் வேலை, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் பாகத்துக்கும் நடுவில் சரியான இடைவெளி வைப்பது.

டேப்பட் சரிசெய்ய இந்த எஞ்சினில் ‘ஒன்பது கணக்கு’ என்று ஒன்று உண்டு. மொத்தம் எட்டு வால்வு. முன்னாலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொள்ள வேண்டும். எட்டாவது வால்வு முழுசாகத் திறந்து அமுங்கியிருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யலாம். ஆறாவது அமுங்கியிருந்தால் மூன்றாவது. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். இடைவெளி 0.015 அங்குலம், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. டாப் கியரில் போட்டு, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, வண்டியைச் சாண் சாணாகத் தள்ளினால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் உள்ளே போய் வரும்போது லேசாகப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தால் போதும். ஒரு சாயங்காலம் முழுக்க இதே வேலை, ஆனால் அலுக்கவே இல்லை.

சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து பெட்ரோல் பம்ப் ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாக அடித்து, கார்புரேட்டர் கிண்ணங்கள் நிறைந்ததும் மெல்ல மெல்ல அடங்கி நின்றுவிடும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கேயோ காற்று இழுக்கிறது, அல்லது கிண்ணத்தில் ஊசி வால்வு அடைக்கவில்லை, அல்லது டேங்க் காலி. காதால் மட்டுமே இவ்வளவு கண்டுபிடிக்கலாம். என்னுடையது ஒழுங்காக அடங்கியது. ஸ்டார்ட்டரை அழுத்தினேன், இரண்டாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்கப் புகை. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் மேலே ஏறியதும்தான் மூச்சே வந்தது.

சரி, இனிமேல்தான் வம்பு.

வண்டி ஐடிலில், அதாவது மிதிக்காமல் எஞ்சினை ஓடவிட்டால், அருமையாக நின்றது. முழுசாக மிதித்தால் அருமையாக இழுத்தது. சமதரையில் ஒரே சீராக, காலை லேசாக வைத்து ஓட்டினால் மட்டும் மிஸ்ஸிங். தும்மல் வரப்போகிறவன் மாதிரி ஒரு குலுக்கல், ஒரு இடைவெளி, மறுபடி ஒரு குலுக்கல். இன்னும் கொஞ்சம் மிதித்தால் சரியாகிவிடும்.

பாதி மிதியில் திணறி, முழு மிதியில் சரியாகிறது என்றால் யாருக்கும் முதலில் என்ன தோன்றும்? பெட்ரோல் பற்றவில்லை, கலவை மெலிந்துவிட்டது என்றுதான். எனக்கும் அதுவே தோன்றியது. தோன்றியது என்பதைவிட, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பது உண்மை. ஏனென்றால் எஸ்.யு. கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டுவது அவ்வளவு சுகமான வேலை.

மேலே மணி மாதிரி ஓர் அலுமினிய மூடி. அதற்குள் ஒரு பிஸ்டன், அதன் அடியில் நுனி நோக்கிச் சிறுத்துப்போகும் ஓர் ஊசி. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவு பிஸ்டன் மேலே எழும், எழ எழ ஊசி ஜெட் என்ற பெட்ரோல் துளையிலிருந்து வெளியே வரும், அந்த இடைவெளியில் பெட்ரோல் போகும். காற்றே தனக்கு வேண்டிய பெட்ரோலை அளந்து எடுத்துக்கொள்கிற ஏற்பாடு. பிஸ்டன் தண்டுக்குள் கொஞ்சம் எண்ணெய் இருக்கும், சட்டென்று மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளாமல் இருக்க. கலவையைக் கூட்டிக் குறைக்க அடியில் ஓர் ஆறுமுக நட்டு. கீழே இறக்கினால் பெட்ரோல் அதிகம், மேலே ஏற்றினால் குறைவு.

முதல் வாரம் இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டினேன். மிஸ்ஸிங் போகவில்லை. இரண்டாவது வாரம் புது ஜெட், புது ஊசி. போகவில்லை. மூன்றாவது வாரம் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்குக் கலவை போகும் மேனிஃபோல்டு குழாய்க்கும் நடுவில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்களை மாற்றினேன், காற்றுக் கசிவு இருக்குமோ என்று. போகவில்லை. இந்த எஞ்சினில் கார்புரேட்டர்கள் சைலன்சர் குழாய்க்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும், அதனால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறதோ என்று வெப்பத் தடுப்புத் தகட்டுக்குப் புது மெத்தை ஒட்டினேன். அதுவும் இல்லை.

நடுவில் இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று பார்க்க ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை ஒவ்வொரு வாயிலும் வைத்துக் கேட்டேன். ‘உஸ்ஸ்’ என்ற சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி வர வேண்டும். வந்தது. பிஸ்டனைத் தூக்கிப் பார்க்கப் பக்கத்தில் ஒரு சின்ன ஊசி உண்டு, அதை லேசாக அழுத்தித் தூக்கினால் எஞ்சின் வேகம் சற்றே ஏறி உடனே பழைய நிலைக்கு வர வேண்டும். ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், தொய்ந்தால் குறைவு. அதுவும் சரியாகத்தான் இருந்தது. இரண்டு சோதனையும் ‘கார்புரேட்டரில் குறையில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லியும் நான் கேட்கவில்லை. நட்டை இரண்டு முகம் கீழே இறக்கிக் கலவையைக் கூட்டினேன். மிஸ்ஸிங் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. ‘பார்த்தாயா!’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னும் ஒரு முகம் இறக்கினேன். பிளக்கெல்லாம் கரி படிந்து கறுத்துப்போனதுதான் மிச்சம்.

ஆறாவது வாரம் மகளை உட்காரவைத்து ஒரு சுற்றுப் போனேன். நான் பாதையைப் பார்த்துக்கொண்டு காதை எஞ்சினில் வைத்திருந்தேன். அவள்தான் கேட்டாள்: “அப்பா, அந்த முள் ஏன் இப்படித் துள்ளுது?”

எந்த முள் என்று பார்த்தேன். ஆர்.பி.எம். மீட்டர். ஒவ்வொரு குலுக்கலுக்கும் முள் சட்டென்று கீழே விழுந்து மறுபடி எழுந்தது. வண்டி கியரில் ஓடிக்கொண்டிருக்கிறது, சக்கரம் எஞ்சினைச் சுற்றவைத்துக்கொண்டே இருக்கிறது. எஞ்சின் வேகம் ஒரு நொடியில் அப்படி விழ வழியே இல்லை. அப்படியானால் விழுந்தது எஞ்சின் வேகம் இல்லை, மீட்டருக்குப் போகும் துடிப்பு. 1966-ஆம் வருஷத்து வண்டியில் அந்த மீட்டர், பிளக்குக்குப் பொறி உண்டாக்கும் காயிலுக்குப் போகும் மின்சாரத்தின் துடிப்பை எண்ணித்தான் வேகம் காட்டுகிறது. காயிலுக்கு மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது! பெட்ரோல் குறைந்திருந்தால் முள் இப்படித் துள்ளியிருக்காது.

ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டேன். “உடம்பு சரியில்லையா அப்பா?” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். பொறி உண்டாகக் காயிலின் மின்சாரத்தை வெட்டிவிடும் பாயிண்டின் இடைவெளி 0.015 அங்குலம், சரி. கண்டென்சர் மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காகக் காட்டியது. அப்போதுதான் உறைத்தது: நின்றுகொண்டிருக்கும்போது குறை இல்லை, பாதி மிதியில்தான் இருக்கிறது. பாதி மிதியில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் என்ன மாறுகிறது?

வேக்குவம். கார்புரேட்டரிலிருந்து ஒரு மெல்லிய குழாய் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் இருக்கும் டப்பாவுக்கு வருகிறது. பாதி மிதியில் அதில் இழுப்பு வந்து, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தகட்டைக் கொஞ்சம் திருப்பி டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, முன்னால் தள்ளும். ஐடிலில் இழுப்பு இல்லை. முழு மிதியிலும் அநேகமாக இல்லை. என் மிஸ்ஸிங் வரும் நேரமும் போகும் நேரமும் அச்சு அசலாக இதே.

எஞ்சினை ஐடிலில் விட்டு, அந்தக் குழாயை கார்புரேட்டர் முனையில் கழற்றி வாயில் வைத்து, இளநீர் உறிஞ்சுவது போல் ஓர் இழுப்பு இழுத்தேன். எஞ்சின் செத்தது. செத்தேவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்து மெதுவாக இழுத்தேன். கொஞ்சம் இழுத்தால் குலுக்கல், விட்டால் சீர். இழு, குலுக்கல். விடு, சீர். மகள் வந்து தானும் உறிஞ்சிப் பார்க்க வேண்டும் என்றாள், பெட்ரோல் வாடை என்று தடுத்துவிட்டேன்.

அசையும் தகட்டிலிருந்து அசையாத தகட்டுக்கு ஒரு விரல் நீளத்துக்குக்கூட வராத ஓர் எர்த் கம்பி போகிறது. மேலே துணி உறை. பார்க்கப் புதுசு போல இருந்தது. இரண்டு விரலால் பிடித்து வளைத்தேன். ஓர் இடத்தில் மட்டும் நூல் மாதிரி வளைந்தது. உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் எல்லாம் அறுந்து, இரண்டு மூன்று மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. தகடு திரும்பும்போது அவையும் விலகும், காயிலின் மின்சாரம் அறுபடும். வண்டி பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு மிதிக்கும் வளைந்து நிமிர்ந்த கம்பி, அறுந்ததில் ஆச்சரியமே இல்லை.

புதுக் கம்பி போட்டதிலும் ஒரு தடவை சொதப்பினேன். முதலில் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறிக் கம்பியே குச்சி போல விறைத்துவிட்டது. அதை அப்படியே விட்டிருந்தால் விறைப்பு முடிகிற இடத்தில் சீக்கிரமே அறுந்திருக்கும். கழற்றிப்போட்டுவிட்டு, மயிரிழை போன்ற செம்பு இழைகள் கொண்ட கம்பியில் முனைகளை மட்டும் நசுக்கிப் பூட்டினேன். தகட்டைக் கையால் கடைசிவரை திருப்பிப் பார்த்துக் கம்பி எங்கேயும் இழுபடாத அளவுக்கு நீளம் விட்டேன். ரோட்டருக்கு அடியில் இரண்டு சொட்டு எண்ணெய், கேமில் பொட்டு வைக்கிற அளவுக்குக் கிரீஸ். டைமிங், எஞ்சினை நிறுத்தி வைத்த நிலையில், 10 டிகிரி முன்னால்.

பிறகு கார்புரேட்டருக்குப் போய், இல்லாத நோய்க்கு நான் கொடுத்த மருந்தைத் திரும்ப எடுத்தேன். மூன்று முகமும் மேலே. புது பிளக் போட்டு ஓட்டினேன். முள் ஆடாமல் நின்றது. திரும்பி வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பீங்கான் முனை இளம்பழுப்பு.

கழற்றிய பழைய ஜெட், ஊசி இரண்டு ஜோடியும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. எண்ணெய்த் துணியில் சுற்றி டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதி அலமாரியில் வைத்துவிட்டேன். அடுத்தது முன் பக்கப் பிரேக். இடது சக்கரம் மட்டும் ஓடி வந்த பிறகு தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. சக்கரத்தின் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரைப் பிரிக்கத்தான் கை துறுதுறு என்கிறது. ஆனால் முதலில் ரப்பர் ஹோஸைப் பார்க்கப்போகிறேன். அது உள்ளே வீங்கியிருந்தால் மிதிக்கும்போது பிரேக் ஆயில் போகும், விட்டால் திரும்பி வராது. ஆயிலை வெளியே விடும் பிளீடர் நட்டைத் திறந்ததும் சக்கரம் சட்டென்று இளகுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் இளகினால் காலிப்பர் தப்பித்தது என்பதுதான் கணக்கு, ஹோஸ்தான் காரணம் என்று ஆகிவிடாது, அதற்கு மேலே பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.